உயர்த்திய பழைய ஜீப்புக்குக் கிளச், பிளைவீல் தெரிவு செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கொழும்பிலே பலர் தம்மிடமிருந்த பழைய ஜீப்புகளையே செப்பனிட்டு, சஸ்பென்ஷனை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் பூட்டி ஓட்டத் தொடங்கினார்கள். சுசுகி எஸ்ஜே 413, ஜிம்னி, மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப், லேண்ட் ரோவர் டிஃபெண்டர், பழைய ஹைலக்ஸ் என்று இந்த வரிசை நீளும். இவற்றின் உரிமையாளர்கள் உயர்த்திய சில மாதங்களிலேயே கேட்கத் தொடங்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்துவதும் துண்டிப்பதும் கிளச்; எஞ்சினின் பின்புறம் அதோடு சுழலும் கனமான இரும்பு வட்டு பிளைவீல்; கிளச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட்; கிளச் பிளேட்டின் உராயும் பரப்பு லைனிங். பல கராஜ்களில் சொல்லப்படும் ஆலோசனையிலிருந்து இந்த விடைகள் ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகின்றன: உயர்த்திய வாகனத்தின் கிளச்சுக்குப் பெரும்பாலும் குறைவாக இருப்பது பிடிமானம் அன்று, அது தாங்கவேண்டிய சூடுதான் கூடிவிடுகிறது.

ஜீப்பை உயர்த்தினால் கிளச்சுக்கு என்ன ஆகிறது?

உயர்த்துவதால் மட்டும் எதுவும் ஆகாது. நீளமான ஸ்பிரிங் போடுவதால் எஞ்சினிலோ கிளச்சிலோ சுமை கூடுவதில்லை. சுமையைக் கூட்டுவது உயர்த்திய பின் பூட்டப்படும் பெரிய டயரும், அதைத் தொடர்ந்து வந்து சேரும் இரும்பு பம்பர், வின்ச், கூரைத் தட்டு ஆகியவற்றின் எடையும்தான்.

ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான 205/70 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீற்றர். உயர்த்தியவர்கள் விரும்பிப் பூட்டும் 235/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 734 மில்லிமீற்றர். வித்தியாசம் கிட்டத்தட்ட 10 சதவீதம். அதாவது முதலாவது கியர், தொழிற்சாலை கொடுத்ததைவிட 10 சதவீதம் வேகமான கியராகிவிடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் சுழலும்போது கிளச் முழுதாகப் பிடிக்கவேண்டுமானால், வாகனம் முன்பு எட்டவேண்டியிருந்த வேகத்தைவிட 10 சதவீதம் கூடிய வேகத்தை எட்டியாக வேண்டும். அந்த வேகத்தை எட்டும்வரை கிளச் பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

சமதரையில் ஒருமுறை புறப்படும்போது கிளச்சில் பிறக்கும் சூடு, அது முழுதாகப் பிடிக்கும் கணத்தில் வாகனம் அடைந்திருக்கும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே டயர் 10 சதவீதம் பெருத்தால் சூடு 20 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஏற்றத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வழுக்கும் ஒவ்வொரு விநாடியும் வாகனத்தைப் பின்னே உருளாமல் பிடித்து வைப்பதற்கும் செலவாகிறது. நெரிசலில்லாத வீதியில் இது பெரிதாகத் தெரியாது. காலை வேளையில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியில் ஊர்ந்து செல்பவருக்கு, ஒவ்வொரு நகர்விலும் இந்தக் கூடுதல் சூடு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கிறது. இரண்டு நகர்வுகளுக்கு இடையே அது ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

அப்படியானால் பிடிமானம் கூடிய கிளச் வாங்குவதுதானே சரி?

பெரும்பாலான வேளைகளில் இல்லை. எஞ்சினை மாற்றாதவரை, கிளச் கடத்தவேண்டிய அதிகூடிய முறுக்குவிசை எஞ்சின் தரக்கூடிய முறுக்குவிசைதான். டயர் பெருத்தாலும் அந்த எண் மாறாது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். கிளச்சின் கொள்ளளவு நான்கு எண்களின் பெருக்கம்: உராயும் பக்கங்கள் இரண்டு, உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட்டின் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரை. வெளிவிட்டம் 200 மில்லிமீற்றரும் உள்விட்டம் 130 மில்லிமீற்றரும் கொண்ட ஒரு பிளேட்டை உதாரணத்துக்கு வைப்போம். சராசரி ஆரை 82.5 மில்லிமீற்றர். சாதாரண ஓர்கானிக் லைனிங்கின் குணகம் 0.3 என்றும், அழுத்தம் 3500 நியூட்டன் என்றும் கொண்டால், கொள்ளளவு 173 நியூட்டன் மீற்றர். ஜிம்னியின் 1.3 லீற்றர் பெற்றோல் எஞ்சின் தருவது ஏறத்தாழ 110 நியூட்டன் மீற்றர். நல்ல நிலையிலுள்ள சாதாரண கிளச்சிடம் இவ்வளவு மிச்சம் இருக்கும்போது, அதை வெல்ல எஞ்சினால் முடியாது.

பின் ஏன் உயர்த்திய ஜீப்புகளில் கிளச் வழுக்குகிறது? சூட்டினால். ஓர்கானிக் லைனிங் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்போது அதன் உராய்வுக் குணகம் இறங்குகிறது, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்குகிறது, பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங்கும் நாளடைவில் தன் விறைப்பை இழக்கிறது. அந்த நிலையில் பார்ப்பவர் ‘கிளச் போதாது’ என்று முடிவு கட்டி, இன்னும் கடினமான ஒன்றைப் பூட்டுகிறார். சூட்டுக்கான காரணம் அப்படியே இருக்கிறது.

எஞ்சினையே மாற்றியவர்களுக்கு, உதாரணமாகச் சுசுகியில் டீசல் எஞ்சின் ஏற்றியவர்களுக்கு, இந்த விடை பொருந்தாது. அவர்கள் புதிய எஞ்சினின் முறுக்குவிசைக்கு ஏற்ப மேலுள்ள கணக்கைப் போட்டுப் பார்த்து, பெரிய விட்டமுள்ள கிளச்சைத் தெரிவு செய்வது அவசியம்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் எதற்குச் செலவிடவேண்டும்?

டிஃபின், அதாவது அச்சின் நடுவே சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரென்ஷியலின், பல் விகிதத்தைச் சரிசெய்வதற்கு. கிளச்சின் ஆயுளை இதைப்போல் நீட்டிக்கும் வேறொரு வேலை உயர்த்திய ஜீப்பில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எஸ்ஜே 413 இல் டிஃப் விகிதம் 3.73. அதற்கு முந்திய எஸ்ஜே 410 இல் 4.11. இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 10 சதவீதம். 205/70 இலிருந்து 235/75 க்குப் போகும்போது இழக்கப்படுவதும் கிட்டத்தட்ட அதே 10 சதவீதம். ஆகவே எஸ்ஜே 413 வைத்திருப்பவர் 4.11 விகிதப் பல்லைப் பூட்டிக்கொண்டால், பெரிய டயருடனும் முதலாவது கியர் தொழிற்சாலை நினைத்த இடத்துக்கே திரும்பிவிடும். கிளச்சும் பழைய சூட்டுக்கே திரும்பும். வேகமானியின் பிழையைப் பற்றிப் பலர் கவலைப்படுவதுண்டு. அது, முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து சுற்றை எடுப்பதால், டயரும் டிஃபும் ஒரே அளவில் மாறும்போது அதன் கணக்கும் சரியாகிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். முன் டிஃபும் பின் டிஃபும் ஒரே விகிதத்தில் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் பெட்டியோ அச்சோ உடைவது நிச்சயம். அடுத்தது, பழைய எஸ்ஜே 410 இன் அச்சுத் தண்டுகளின் முனையிலுள்ள ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கை எஸ்ஜே 413 இலிருந்து வேறுபடக்கூடும் என்பதால், பாவித்த டிஃபை வாங்குமுன் பல்லை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஓர்கானிக், அரமிட், செராமிக்: எதைப் போடலாம்?

கொழும்பில் அன்றாடம் ஓடும் ஜீப்புக்கு நல்ல தரமான ஓர்கானிக் லைனிங்தான் என் தெரிவு. அது மெல்லப் பிடிக்கும், மெல்ல விடும். எக்செடி, ஐசின், வலியோ, சாக்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் பழைய மாடல்களுக்கும் இவற்றைச் செய்கிறார்கள். எக்செடியின் பழைய பெயர் டைக்கின். 1995 இல்தான் பெயர் மாறியது. அதனால் பழைய இருப்பாகக் கிடைக்கும் டைக்கின் பெட்டியைப் பார்த்துச் சந்தேகப்படத் தேவையில்லை. ஆனால் லைனிங் ஈரம் பிடித்து உப்பியிருக்கிறதா, பளபளப்பு உண்டா என்று பெட்டியைத் திறந்து பார்த்தே வாங்கவேண்டும்.

அரமிட் இழை கலந்த லைனிங் நீண்ட ஆயுள் கொண்டது, பிளைவீலையும் அதிகம் தேய்க்காது. ஆனால் அது பழக்கப்பட நீண்ட தூரம் வேண்டும். அந்தக் காலத்தில் அளவுக்கு மிஞ்சிச் சூடேற்றினால் கண்ணாடிபோலாகி, பிறகு மீளவே மீளாது. நகர நெரிசலில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

செராமிக் துண்டுகள் பதித்த பிளேட் சூட்டை மிக நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அது பாதி பிடித்த நிலையில் நிற்க மறுக்கும். பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், விட்டால் முழுதாக விடும். பேருந்துக்குப் பின்னால் ஓரடி ஓரடியாக நகரும்போது ஜீப் குதிரைபோல் துள்ளும். அந்தத் துள்ளலின் அடி முழுவதும் கியர் பெட்டிக்கும் உயர்த்தியதால் ஏற்கெனவே கோணலாகிய புரொப்பல்லர் தண்டின் யூ ஜொயிண்டுகளுக்கும் போகிறது. பிளைவீலின் முகத்தையும் அது விரைவாகத் தின்றுவிடும். சேற்றுப் பந்தயங்களுக்கு மட்டுமே ஓடும் வாகனத்துக்கு அது பொருத்தம்.

எதை வாங்கினாலும், நடுவில் சுருள் ஸ்பிரிங்குகள் உள்ள பிளேட்டாக இருக்கட்டும். அந்த ஸ்பிரிங்குகள் எஞ்சினின் துடிப்பை விழுங்குகின்றன. அவையில்லாத இறுகிய நடுப்பகுதி கொண்ட பிளேட் வீதி வாகனத்துக்கு உகந்ததல்ல.

கடினமான பிரஷர் பிளேட் போட்டால் என்ன கெடுதி?

இடது கால் முதலில் சொல்லிவிடும். அதற்குப் பிறகு மெல்லக் கெடும் பாகங்கள் மூன்று. கிளச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை எஞ்சினின் கிராங் தண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்கும் திரஸ்ட் வாஷர்கள் பழைய எஞ்சினில் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். எஸ்ஜே வகைகளில் கிளச்சை இயக்குவது கேபிள் என்பதால் அது நீண்டு அறுகிறது. மூன்றாவது, மிதியின் அசைவைக் கிளச்சுக்குக் கடத்தும் நெம்புகோலான ஃபோர்க். லேண்ட் ரோவர் 300 டிடிஐ வைத்திருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்: ஃபோர்க் தாங்கி நிற்கும் குமிழ், மெல்லிய தகட்டாலான ஃபோர்க்கைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும்; மிதி தரையோடு போய்விடும்; வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த எஞ்சினுக்குக் கிளச் மாற்றும்போது அந்த இடத்தில் தடித்த தகடு வைத்து வலுப்படுத்திய ஃபோர்க்கையும் சேர்த்துப் பூட்டுவது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

பிளைவீலை இலேசாக்கினால் எஞ்சின் சுறுசுறுப்பாகும் என்கிறார்களே?

ஆகும். நியூட்ரலில் அக்சிலரேட்டரை அழுத்தினால் ஊசி சட்டென்று ஏறும், கியர் மாற்றமும் விரைவாகும். பந்தயச் சுற்றுப் பாதையில் ஓடும் காருக்கு அது நன்மை. உயர்த்திய பழைய ஜீப்புக்கு அது கேடு, அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

பிளைவீல் சுழற்சியைச் சேமித்து வைக்கும் பாத்திரம். 8 கிலோ எடையும் 26 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட ஒரு சீரான வட்டு 1500 சுற்றில் சுழலும்போது அதில் ஏறத்தாழ 830 ஜூல் சக்தி இருக்கும். அதையே லேத்தில் கடைந்து 5 கிலோவாக்கினால், விட்டம் மாறாத நிலையில், 520 ஜூல்தான் மிஞ்சும். 1100 கிலோ எடையுள்ள ஜீப்பை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1060 ஜூல் வேண்டும். அந்த முதல் நகர்வுக்குப் பிளைவீல் எவ்வளவு கைகொடுக்கிறது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது. கைகொடுக்கும் அளவு குறைந்தால், ஓட்டுபவர் எஞ்சின் அணைந்துவிடுமோ என்று அஞ்சி அக்சிலரேட்டரைக் கூட்டுவார்; 1500 இல் புறப்பட்டவர் 2200 இல் புறப்படுவார்; கிளச் அதற்கேற்ப அதிக நேரம் வழுக்கும்.

பலரும் கவனிக்காத இன்னொரு விடயம் உண்டு. கிளச்சில் பிறக்கும் சூட்டை முதலில் வாங்கிக்கொள்வது பிளைவீலும் பிரஷர் பிளேட்டுமாகிய வார்ப்பிரும்புதான். லைனிங் சூட்டைக் கடத்தாத பொருள். அதனால் சூடு இரும்புக்குள்ளேயே போகிறது. இரும்பு குறைந்தால் அதே சூட்டுக்கு வெப்பநிலை கூடுதலாக ஏறும். 8 கிலோவை 5 கிலோவாக்கினால், பிளைவீலின் பங்குக்கு வரும் அதே சூட்டினால் ஏற்படும் வெப்பநிலை உயர்வு முன்பிருந்ததன் 1.6 மடங்காகும். பெரிய டயர் போட்டுச் சூட்டைக் கூட்டிவிட்டு, சூட்டை உள்வாங்கும் இரும்பைக் கடைந்து எறிவது எந்த வகையிலும் பொருந்தாது.

காட்டுப் பாதையில் இதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் கற்பாதைகளில் லோ ரேஞ்ச் (டிரான்ஸ்ஃபர் பெட்டியின் தாழ்ந்த கியர் நிலை) முதலாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது, சக்கரம் ஒரு கல்லில் முட்டும் அந்த நொடியில் எஞ்சின் அணையாமல் தாண்டவைப்பது பிளைவீலின் எடை. டீசல் எஞ்சினுக்கு இது மேலும் பொருந்தும். 2659 கனசென்ரிமீற்றர் கொண்ட 4டிஆர்5 போன்ற நான்கு சிலிண்டர் டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் கனமான அடி. அந்த அடிகளுக்கு இடையிலான வெறுமையை நிரப்புவதற்காகவே அதற்குக் கனமான பிளைவீல் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு கிராமையும் குறைக்கக்கூடாது.

இருக்கும் பிளைவீலையே லேத்தில் கொடுத்துத் திருப்பிப் பாவிக்கலாமா?

பெரும்பாலும் பாவிக்கலாம், ஆனால் முதலில் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பழைய பிளைவீலின் முகத்தில் நீலமும் கறுப்புமாகச் சில திட்டுகள் தெரியும். அவை சூடேறித் திடீரென ஆறிய இடங்கள். அங்கே வார்ப்பிரும்பு சுற்றியுள்ள இரும்பைவிடக் கடினமாகியிருக்கும். லேத்தின் வெட்டுளி அந்தத் திட்டுகளின்மேல் வந்ததும் வெட்டாமல் தாவிவிடும். கடைந்து முடித்தபின் விரலை ஓட்டினால் அவை மெல்லிய மேடுகளாகத் தட்டுப்படும். அத்தகைய பிளைவீலைப் பூட்டினால் புதிய கிளச்சும் முதல் நாளிலிருந்தே உதறும். ஆகவே இந்த வேலைக்கு வெட்டுளியைவிட அரைக்கும் கல் கொண்ட இயந்திரம் சிறந்தது. திட்டுகள் ஆழமாக இறங்கியிருந்தால் அரைப்பதாலும் போகாது.

மேற்பரப்பில் தலைமயிர் போன்ற மிக மெல்லிய வெடிப்புகள் மட்டும் இருந்தால் அரைப்பதில் அவை போய்விடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் வெடிப்பு, நகத்தை வைத்து இழுத்தால் நகம் சிக்கும் வெடிப்பு, போல்ட் துளையைத் தொடும் வெடிப்பு ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்தப் பிளைவீலை விட்டுவிடவேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் சுழலும் இரும்பு உடைந்தால் அது ஓட்டுபவரின் பாதத்துக்கு அருகில்தான் வெடிக்கும்.

எவ்வளவு அரைக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளரின் கைநூலில் தரப்பட்டுள்ள குறைந்தபட்சத் தடிப்பே எல்லை. பிரஷர் பிளேட் பூட்டும் முகமும் லைனிங் உராயும் முகமும் ஒரே மட்டத்தில் இல்லாமல் படியாக அமைந்த பிளைவீலில், இரண்டு முகங்களையும் ஒரே அளவு அரைக்கவேண்டும். உராயும் முகத்தை மட்டும் அரைத்தால், புதிய பிளேட் ஏற்கெனவே பாதி தேய்ந்த நிலையிலிருந்து தன் வாழ்க்கையைத் தொடங்கும். கிராங்கில் பூட்டிய பின் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பதையும் தவிர்க்கக்கூடாது. முகத்தின் ஆட்டம் 0.2 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும் என்பதே பல கைநூல்களின் அளவு.

டுவல் மாஸ் பிளைவீல் உள்ள வாகனத்துக்கு என்ன செய்வது?

பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கேள்வி எழாது. டிஃபெண்டர் டிடி5 போன்ற சற்றுப் பிந்திய டீசல்களில் பிளைவீல் இரண்டு துண்டாகி, நடுவே ஸ்பிரிங்குகள் இருக்கும். அது தேய்ந்தால் அரைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஒற்றைத் துண்டு பிளைவீலுக்கு மாறுவது மலிவு; ஆனால் மாறுபவர் நீண்ட அசைவுள்ள ஸ்பிரிங்குகள் கொண்ட கிளச் பிளேட்டையும் அதனுடன் சேர்த்துப் போடாவிட்டால், நியூட்ரலில் கியர் பெட்டி கடகடக்கும், துடிப்பு முழுவதும் பற்சக்கரங்களுக்குப் போகும். இரண்டையும் ஒரே தொகுதியாக வாங்குவதே பாதுகாப்பு.

சஸ்பென்ஷனுக்குப் பதிலாக, சட்டத்தின்மேல் இருக்கும் பொடியை (வாகனத்தின் உடற்கூட்டை) உயர்த்தியிருக்கிறேன். அதனால் கிளச்சுக்குப் பாதிப்பு உண்டா?

உண்டு, சஸ்பென்ஷனை உயர்த்தியவர்களைவிட உங்களுக்கே அதிகம். பொடியை உயர்த்தும்போது எஞ்சினும் கியர் பெட்டியும் சட்டத்திலேயே நிற்க, மிதிகள் பொடியோடு மேலே போய்விடுகின்றன. இடையிலுள்ள கேபிளோ ஹைட்ரோலிக் குழாயோ இழுபடுகிறது. கேபிளின் வளைவுகள் கூர்மையாகி, மிதியை முழுதாக விட்டபிறகும் ஃபோர்க் முழுதாகத் திரும்பாத நிலை உண்டாகும். அப்போது ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் டயஃப்ரம் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும். கிளச் எப்போதும் சிறிதளவு விடுபட்ட நிலையிலேயே ஓடும். புதிய கிளச் சில மாதங்களிலேயே தீர்ந்துபோனதாகச் சொல்பவர்களின் வாகனத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். மிதியைக் கையால் அழுத்தினால் கைநூல் சொல்லும் அளவு தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீளமான கேபிள் அல்லது குழாய் போடாமல் கிளச்சைத் தொடாதீர்கள்.

கியர் தடியையும் பார்க்கவேண்டும். பொடி உயர்ந்தபின் தரைத் துளையின் விளிம்பில் தடி முட்டினால் கியர் முழுதாக விழாது. ‘கிளச் விடவில்லை’ என்ற தவறான முடிவுக்கு அது கொண்டுபோகும்.

புறப்படும்போது வாகனம் உதறுகிறது. கிளச்தான் காரணமா?

உயர்த்தியபிறகு தொடங்கிய உதறலானால், கியர் பெட்டியை இறக்குமுன் புரொப்பல்லர் தண்டைப் பாருங்கள். உயர்த்தும்போது அதன் யூ ஜொயிண்டுகளின் கோணம் கூடுகிறது. இரு முனைகளின் கோணமும் சமமாக இல்லாதபோது தண்டு ஒரே சுற்றுக்குள் வேகமும் மெதுவுமாகச் சுழலும். புறப்படும்போது சுமை அதிகம் என்பதால் அது கிளச் உதறலைப்போலவே தோன்றும். தளர்ந்த எஞ்சின் மவுண்டும் இதே குறியைக் காட்டும். டிஃபின் கோணத்தை ஆப்பு வைத்துத் திருத்துவதாலோ டிரான்ஸ்ஃபர் பெட்டியைச் சற்று இறக்குவதாலோ தீரும் குறைக்காகக் கிளச் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் உதறினால், லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினின் பின் எண்ணெய் சீல், கியர் பெட்டியின் முன் சீல் இரண்டில் ஒன்று கசிகிறது. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் பாவிக்க முடியாது.

பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கப் போகும்போது எதை எடுத்துச் செல்லவேண்டும்?

கழற்றிய பழைய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயரைச் சொல்லி மட்டும் வாங்குவது போதாது. ஒரே பெயரில் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் வெவ்வேறு எஞ்சின்களோடு வாகனங்கள் வந்திருக்கின்றன, உங்கள் ஜீப்பில் முந்திய உரிமையாளர் வேறு கியர் பெட்டி ஏற்றியும் இருக்கலாம். பிளேட்டின் வெளிவிட்டம், ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கை, ஸ்பிளைன் துளையின் விட்டம், நடுப்பகுதி எந்தப் பக்கம் எவ்வளவு துருத்துகிறது, பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளும் வழிகாட்டி ஊசிகளும் எங்கே இருக்கின்றன என்பவற்றைக் கடையிலேயே ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடவேண்டும்.

பாவித்த பிளைவீல் வாங்குபவர் பற்சக்கர வளையத்தின் பற்களைச் சுற்றிலும் பார்க்கவேண்டும். எஞ்சின் அணையும்போது குறிப்பிட்ட சில இடங்களிலேயே நிற்பதால், ஸ்டார்ட்டர் மோதி அந்த இடங்களில் மட்டும் பற்கள் தேய்ந்திருக்கும். பாவித்த கிளச் பிளேட்டை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. வேறு வழியே இல்லாதவர், லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளட்டும்: டொயோட்டா கைநூல்களில் 0.3 மில்லிமீற்றரும் சுசுகியில் 0.5 மில்லிமீற்றரும்தான் கடைசி எல்லை.

கியர் பெட்டி இறங்கியிருக்கும்போது வேறு எவற்றை மாற்றவேண்டும்?

ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சினின் பின் எண்ணெய் சீல், கியர் பெட்டியின் முன் சீல் ஆகிய நான்கையும். இவற்றின் விலை, பெட்டியை மீண்டும் இறக்கும் கூலியோடு ஒப்பிடுகையில் சிறியது. பிளைவீல் போல்ட் துளைகள் எஞ்சினின் உட்புறத்துக்குத் திறப்பவையானால் புரிகளில் சீலன்ட் பூசவேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் அந்த வழியே வந்து புதிய லைனிங்கை நனைக்கும்.

கிளச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கில் சேர்ந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குள் போனால் வெளியேறுவதில்லை. நனைத்துத் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் வேலை பழகும் பையன்களையும் அந்த நேரத்தில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வெள்ள நீரில் ஓட்டினால் கிளச் கெடுமா?

2016 மே மாத வெள்ளத்தில் களனி ஆறு பெருகி கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது, உயரமான ஜீப்புகள் பல நாட்கள் நீரில் ஓடின. நீருக்குள் போகுமுன் லோ ரேஞ்சில் கியரைப் போட்டுவிட்டு, கரையேறும்வரை கிளச்சை மிதிக்காமல் ஓட்டவேண்டும். மிதித்தால் பிளேட்டுகளுக்கு இடையே நீரும் மணலும் புகும். பெல் ஹவுசிங்கின் அடியில் சிறு வடிகால் துளை இருக்கும். லேண்ட் ரோவரில் நீரைக் கடக்கும்போது மட்டும் அந்தத் துளையை அடைக்கத் தனி அடைப்பான் கொடுக்கப்பட்டிருக்கிறது; கடந்தபின் அதைக் கழற்றிவிடவேண்டும், இல்லையேல் கசியும் எண்ணெய் உள்ளேயே தேங்கும். நனைந்த ஜீப்பை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பிளேட் துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அன்றே சிறிது தூரம் ஓட்டிக் காயவிடுங்கள்.

கிளச்சைக் காப்பாற்ற ஓட்டும் முறையில் எதை மாற்றலாம்?

லோ ரேஞ்சைச் சேற்றுக்கு மட்டுமென்று ஒதுக்கி வைக்காதீர்கள். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்திலிருந்து செங்குத்தான சரிவில் ஏறுவதும், சரிவில் பின்னோக்கி எடுப்பதும் கிளச்சுக்குக் கடினமான வேலைகள். முன் சக்கரங்களில் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள எஸ்ஜே போன்ற ஜீப்புகளில், ஹப்பைத் திறந்த நிலையில் வைத்து லோ ரேஞ்சைப் போட்டால் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். தார் வீதியில் அச்சுகள் முறுகாது, கிளச்சும் ஒரு கணத்தில் பிடித்துவிடும். முழு விசையும் பின் அச்சில் மட்டும் விழுவதால் அக்சிலரேட்டரை மெதுவாகவே கொடுக்கவேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் கிளச்சைப் பாதி பிடித்து நிறுத்தி வைக்காமல் கைப் பிரேக்கைப் பாவியுங்கள்.

வழுக்கத் தொடங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது?

மணிக்கு 50 கிலோமீற்றரளவில் நான்காவது கியரில் போகும்போது அக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சுற்று உடனே தாவி, வேகம் பின்தங்கினால் கிளச் வழுக்குகிறது. முதலாவது கியரில் இது தெரியாது.

புதிய கிளச் பூட்டியபின் உடனே மலைப்பயணம் போகலாமா?

போகக்கூடாது. முதல் 500 முதல் 800 கிலோமீற்றர் வரை சாதாரண நகர ஓட்டம் மட்டும். இழுவையும் லோ ரேஞ்ச் ஏற்றமும் வேண்டாம். லைனிங்கும் பிளைவீலின் முகமும் ஒன்றோடொன்று முழுப் பரப்பிலும் பதிவதற்கு அந்தத் தூரம் தேவை. அதற்குமுன் உராய்வது சில மேட்டுப் புள்ளிகளில் மட்டுமே என்பதால் சூடும் அந்தப் புள்ளிகளிலேயே குவிந்து மேற்பரப்பை எரிக்கும். அந்தத் தூரம் ஓடி முடிந்ததும் மிதியின் தளர்வை மறுபடி அளந்து, கேபிளைச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு நுவரெலியா வீதியில் ஏறுங்கள்.